மாத்தாள்

"எனக்கும் பேறுகால லீவு வேணும் சார். சம்பளத்தோட."

வெற்றிச்செல்வி இதைச் சொன்னபோது தலைமையாசிரியர் சுதர்சன் டீ கிளாஸை வாய்க்குக் கொண்டுபோயிருந்தார். குடிக்கவும் இல்லை, கீழே வைக்கவும் இல்லை. பக்கத்து மேசையில் கம்ப்யூட்டரைத் தட்டிக்கொண்டிருந்த கிளார்க் ஜெயசீலன்தான் முதலில் சிரித்தார்.

இதைக் கேட்கவே கேட்காதே என்று அவளுக்குச் சொல்லாத ஆள் பாக்கியில்லை. புருஷன் அறிவரசன் சொன்னான். அம்மா மலர்க்கொடி சொன்னாள். எந்த டீச்சருடைய இடத்தில் இவள் நின்று பாடம் நடத்துகிறாளோ, அந்த கீதாஞ்சலி மேடமே போன் போட்டுச் சொன்னார்: "வேற என்ன வேணா கேளு வெற்றி, லீவுன்னு மட்டும் வாயத் தொறந்துடாத. தற்காலிக ஆளு லீவு கேட்டா அதுக்குப் பேரு லீவு இல்ல. வேலைய விட்டுட்டேன்னு அர்த்தம்."

கீதாஞ்சலி மேடம் நிரந்தர ஆசிரியர். பிள்ளை பெற்று ஒரு வருஷ லீவில் அரியலூரில் வீட்டில் இருக்கிறார். அரசு ஊழியராக இருக்கிற பொம்பளைக்கு முழுச் சம்பளத்தோடு ஒரு வருஷம் என்று அரசாங்கமே கொடுத்திருக்கிறது, நல்ல விஷயம்தான். ஆனால் அந்த ஒரு வருஷம் பன்னிரண்டாம் வகுப்புக்கு கெமிஸ்ட்ரி யார் எடுப்பது? அதைப் பற்றி எந்த உத்தரவும் மூச்சு விடவில்லை. குன்னத்துக்குப் பக்கத்தில் மக்காச்சோளக் காட்டுக்கு நடுவில் நிற்கிற அந்தப் பள்ளிக்கூடத்தில், பெற்றோர் ஆசிரியர் கழகம் மூலமாக, வாய்ச்சொல்லில் வெற்றிச்செல்வியைச் சேர்த்துக்கொண்டார்கள். எம்.எஸ்சி., பி.எட். அவள் வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் அவள்தான். இப்போது அவளுக்கே ஆறாம் மாசம்.

"ஏம்மா," என்றார் சுதர்சன், கிளாஸை வைத்துவிட்டு. "நீ வந்ததே லீவு வேகன்சிக்கு. லீவுக்கு வந்த ஆளுக்கே லீவா?"

"அதான சார்," என்றார் ஜெயசீலன். "இவங்க லீவுக்கு வர்ற அம்மாவும் மாசமாயிட்டா? அப்பறம் அது லீவுக்கு ஒருத்தி. பள்ளிக்கூடத்துல பாடம் நடக்காது சார், வளைகாப்புதான் நடக்கும்."

"நடக்கட்டுமே சார். புள்ள என்ன, உத்தரவு வாங்கிட்டா பொறக்குது?"

ஜெயசீலன் சிரிப்பை நிறுத்திவிட்டுத் திரையைப் பார்த்தார். சுதர்சன் நாற்காலியில் நிமிர்ந்தார். உடையார்பாளையம் பக்கத்து மனுஷன், நிலம் நீச்சு உள்ள குடும்பம். சாதாரணமாகக் குரலை உயர்த்த மாட்டார். உயர்த்த வேண்டிய அவசியம் அவருக்கு வந்ததும் இல்லை.

"சட்டம்னு ஒண்ணு இருக்கும்மா. அது அரசு ஊழியருக்கு. நீ அரசு ஊழியர் இல்ல."

"போன மாசம் தற்காலிக ஆசிரியருங்க போராட்டம், மெட்ராசுக்குப் போறேன்னு சொன்னேன். அரசு ஊழியர் நடத்தை விதின்னு ஒரு பக்கம் முழுசா படிச்சுக் காட்டுனீங்க. அன்னிக்கு மட்டும் நான் யாரு சார்?"

"அது வேற."

அது வேற. இந்தப் பள்ளிக்கூடத்தில் சேர்ந்த நாளிலிருந்து அவளுக்குத் தெரிந்த ஒரே சட்டம் இதுதான். வாக்காளர் பட்டியல் திருத்த வீடு வீடாக அலைய வேண்டுமென்றால் அவளும் ஆசிரியர். மழையில் இலவச சைக்கிளை இறக்கி எண்ணி வைக்க வேண்டுமென்றால் அவளும் ஆசிரியர். அதிகாரி வண்டி கேட்டுக்குள் நுழைந்தால் மட்டும் யாராவது ஓடி வந்து, "மிஸ், லேப்ல போயி இருங்க" என்பார்கள். அமில வாடைக்கு நடுவில், வண்டி திரும்பிப் போகிற சத்தம் கேட்கும்வரை, ஸ்டூலில் உட்கார்ந்து பாட்டில்களைத் துடைத்துக்கொண்டிருப்பாள். இதை எங்கே போய்ச் சொல்வது.

சுதர்சன் குரலை இறக்கினார். அப்போதுதான் அவரைக் கண்டு பயப்பட வேண்டும் என்று ஸ்டாஃப் ரூமில் சொல்வார்கள்.

"நான் ஒண்ணும் கல்நெஞ்சக்காரன் இல்ல. உன் தங்கச்சியும் கெமிஸ்ட்ரிதானாம்ல? அதைக் கொண்டாந்து நிறுத்து. நீ போயி புள்ளயப் பெத்துக்க. தெம்பானதும் வா, தங்கச்சி போயிடட்டும். எடம் உங்க கையிலயே இருக்கும். கம்ப்யூட்டர்ல ஏத்துற எமிஸ் கணக்குல நீயும் இல்ல, அவளும் இல்ல, கீதாஞ்சலி மேடம்தான் இருக்காங்க. போர்டுக்கு முன்னாடி யாரு நின்னா என்ன?" கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னார்: "உங்க வூட்லதான் ஆளுக்குப் பஞ்சமில்லையே."

கடைசி வாக்கியத்தில் என்ன இருந்தது என்று அவளுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். ஜெயசீலனுக்கும் தெரிந்ததால்தான் அவர் தலையைத் தூக்கவில்லை.

அன்று வெள்ளிக்கிழமை. சாயங்காலம் அவள் அரியலூரில் புருஷன் வீட்டுக்குப் போகாமல், பள்ளிக்கூடத்துக்கு அடுத்த ஊரில் இருக்கிற அம்மா வீட்டுக்குப் போனாள். மலர்க்கொடி சின்ன வெங்காயம் ஆய்ந்துவிட்டு வந்து கை கழுவிக்கொண்டிருந்தாள். எத்தனை தடவை கழுவினாலும் அந்தக் கையில் வெங்காய வாடை போகாது. மகள் சொன்னதை முழுக்கக் கேட்டாள்.

"தங்கமான மனுஷன்டி. எடத்தக் காப்பாத்திக் குடுக்கறேங்குறாரு. வேற ஒருத்தனா இருந்தா வவுத்தப் பாத்ததுமே நாளையிலேருந்து வராதன்னுருப்பான்."

"அம்மா, அவரு என்ன சொல்றாருன்னு புரியுதா ஒனக்கு?"

"ஏன் புரியாம? மாத்தாள் கேக்குறாரு. நீ பொறந்தப்ப நான் என்ன பண்ணேன்? வெங்காயம் புடுங்கற நேரம். உங்க அத்தைய என் எடத்துக்கு அனுப்பிச்சுட்டுத்தான் படுத்தேன். பண்ணையில அதான் வழக்கம். புள்ளத்தாச்சி தன் வூட்லேருந்து ஒருத்திய அனுப்பிச்சுடணும். அனுப்பலன்னா அந்த எடத்துக்கு வேற வூட்டுக்காரி வந்துருவா, அப்பறம் திரும்ப உள்ள போவ முடியாது. பண்ணைக்காரரு வந்து யாரு எவருன்னு மூஞ்சியப் பாக்க மாட்டாரு. ஆள் வந்தாச்சான்னு மட்டும் கேப்பாரு."

"அது பண்ணைம்மா. இது பள்ளிக்கூடம். அரசாங்கப் பள்ளிக்கூடம்."

"அங்க வெயிலு, இங்க ஃபேனு. வேற என்னடி வித்தியாசம்?"

அம்மா கேலியாகச் சொல்லவில்லை. நிஜமாகவே கேட்டாள். அதுதான் வெற்றிச்செல்விக்குத் தாங்கவில்லை. மூட்டை மூட்டையாகப் புத்தகம் படித்து, ஹாஸ்டல் சாம்பாரைக் குடித்து, பஸ் பாஸை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இவ்வளவு தூரம் வந்தது, பண்ணையிலிருந்து ஃபேனுக்குக் கீழே நகர்ந்து நிற்கவா?

தங்கை தமிழ்மொழி வேலை முடிந்து வந்தாள். அக்காவை விட ஐந்து வயசு சின்னவள். பி.எஸ்சி. முடித்ததோடு சரி, அக்காவுக்கு பி.எட். என்று ஆனபோது தங்கைக்கு இல்லை என்று ஆகிவிட்டது. பெரம்பலூரில் ஒரு ஜவுளிக் கடையில் சேலைப் பிரிவில் நிற்கிறாள். வந்ததும் காலைச் சுவரில் தூக்கி வைத்துப் படுத்துக்கொண்டாள். அம்மா சொன்னதை அப்படியே கேட்டாள்.

"அவளுக்கு பி.எட். இல்லம்மா," என்றாள் வெற்றி. "பன்னெண்டாவது பசங்க. பப்ளிக் எழுதப் போறாங்க. வெளையாட்டா? இதுக்குச் சட்டம் இருக்கு."

படுத்தபடியே தமிழ்மொழி சொன்னாள்: "எங்க கடையிலயும் சட்டம் இருக்குக்கா. வேலை பாக்குற பொண்ணுங்களுக்கு உக்கார ஸ்டூல் போடணும்னு. போட்ருக்காங்க. உக்காந்தா சூப்பர்வைசர் கூப்புட்டு, ஒடம்பு சரியில்லையாம்மா, வூட்டுக்குப் போறியாம்மான்னு ரொம்ப பாசமா கேப்பாரு. ஸ்டூல் மேல இப்ப சேலை அடுக்கி வெச்சிருக்கோம்."

மூன்று பேரும் சிரித்தார்கள். தங்கை சம்மதம் என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை என்பது வெற்றிக்கு ராத்திரி அரியலூர் பஸ்ஸில்தான் உறைத்தது.

அறிவரசனிடம் சொன்னாள். சிமெண்டு ஆலைக்குச் சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டுகிறவன். குளித்தும் போகாத வெள்ளை அவன் காது மடலில் இருந்தது. "நான் ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காத," என்றான். "எங்க கம்பெனியிலயும் காண்ட்ராக்ட்டுதான். கேட்டவன் எல்லாம் இப்ப வெளிய நிக்கிறான். தங்கச்சிய அனுப்பு, ஒரு நாலு மாசம், கண்ண மூடிட்டுப் போயிடும்."

ஞாயிற்றுக்கிழமை கீதாஞ்சலி மேடம் வீட்டுக்குப் போனாள். அவர் ஆசிரியர் சங்கத்தில் மகளிர் பொறுப்பில் இருக்கிறவர். லீவை ஒரு வருஷமாக ஆக்கியதற்கு நன்றி சொல்லி மாலையும் கையுமாகப் போன கூட்டத்தில் அவரும் நின்ற படம் ஹாலில் பெரிசாக மாட்டியிருந்தது. பிள்ளை மடியில் தூங்கிக்கொண்டிருந்தது. கொழுகொழுவென்று நல்ல பிள்ளை.

"உங்க சங்கம் ஒரு வார்த்தை பேசுனா போதும் மேடம்."

"எங்க சங்கம் நிரந்தர ஆசிரியருக்குப்பா. தற்காலிகத்த உள்ள விட்டா, நாளைக்கு எங்க எடத்துக்கே நீங்க வந்துட்டதா எங்க ஆளுங்களே சண்டைக்கு வருவாங்க."

"உங்க எடத்துலதான மேடம் இப்பவும் நிக்கிறேன்."

கீதாஞ்சலி பிள்ளையைத் தட்டிக்கொடுத்தார். நல்ல மாதிரியான பொம்பளை. கெட்டவராக இருந்திருந்தால் பேச்சு சுலபமாக முடிந்திருக்கும். "நீ இதப் பெருசாக்கி பேப்பர்ல வந்தா, நாளைக்கு என்னையத்தான் கேப்பாங்க. ஒரு வருஷம் வூட்ல உக்காந்து சம்பளம் வாங்குறியே, உன் பசங்கள யாரு பாக்குறான்னு. இருக்குற லீவுக்கே ஊருக்கு வவுறு எரியுது. இதுல நீ வேற கொள்ளி வெக்காத. உன் தங்கச்சி விஷயத்த சார்கிட்டச் சொன்னதே நான்தான், தெரியுமா? உனக்கு நல்லது நடக்கட்டும்னுதான்."

வெற்றிச்செல்வி அந்தப் படத்தைப் பார்த்தாள். எல்லோரும் பட்டுச் சேலையில் இருந்தார்கள்.

"நாளைக்கு திங்கக்கெழம. பெரம்பலூர் கலெக்டர் ஆபீசுல மனு வாங்குற நாள். குடுக்கப் போறேன் மேடம்," என்றாள்.

"அவசரப்படாத."

"மாசம் ஆறு ஆயிடுச்சு. அது எனக்காக நிக்காது."

கிளம்பும்போது கீதாஞ்சலி ஒரு பை நிறைய பிள்ளைக்குச் சின்னதாகிப்போன சட்டைகளைக் கொடுத்தார். தூக்கி எறிந்துவிட்டு வரலாம் போலிருந்தது. ஆனால் நல்ல துணி. வாங்கிக்கொண்டுதான் வந்தாள். அந்தக் கோபமும் சேர்ந்துகொண்டது.

திங்கட்கிழமை அவள் நேராகப் பெரம்பலூர் போயிருக்கலாம். சொல்லாமல் போனால் வேலையை விட்டுவிட்டாள் என்று எழுதிவிடுவார்கள். அதனால் சுதர்சன் முகத்தைப் பார்த்து, மாத்தாள் அனுப்ப மாட்டேன், மனு கொடுக்க அரைநாள் போகிறேன், மத்தியானம் வந்து பாடம் எடுப்பேன் என்று சொல்லிவிட்டுப் போவதற்காகப் பள்ளிக்கூடத்தில் இறங்கினாள்.

கேட்டுக்கு உள்ளே அம்மா நின்றுகொண்டிருந்தாள். நல்ல சேலை கட்டியிருந்தாள். கையில் டிபன் கேரியர்.

"நீ இங்க என்னம்மா பண்ற?"

"கோவப்படாத. சாரு ஆள் அனுப்பிச்சு வரச் சொன்னாரு. நீயே சொல்லியிருப்பேன்னு நெனச்சோம்."

பன்னிரண்டாம் வகுப்பு ஜன்னல் வழியாக ஒரு குரல் வந்தது. அமிலமும் காரமும் பற்றி, தடுமாறாமல், கொஞ்சம் வேகமாக. தமிழ்மொழியின் குரல். அக்காவின் நீலச் சேலையை உடுத்திக்கொண்டு போர்டில் எழுதிக்கொண்டிருந்தாள். கையெழுத்து அழகாக இருந்தது.

வராந்தாவில் சுதர்சன் எதிரே வந்தார். மலர்ந்த முகம். "ஆள் வந்தாச்சும்மா. நீ நிம்மதியா போ. உங்கம்மா உன்ன மாதிரி இல்ல, புத்திசாலி."

அவள் அவரைத் தாண்டி நடந்தாள். வகுப்பு வாசலில் போய் நின்று, "தமிழு, வெளிய வா," என்றாள்.

பிள்ளைகள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்கள். தமிழ்மொழி சாக்பீஸை வைத்துவிட்டு வராந்தாவுக்கு வந்தாள். கதவைச் சாத்திக்கொண்டுதான் வந்தாள்.

"கெளம்பு. அம்மாவ அழைச்சுட்டு வூட்டுக்குப் போ."

"வரலக்கா."

"என்னடி சொன்ன?"

"நான் இருக்கேன். நீ வந்து கேட்டா எடத்தக் குடுத்துடுறேன். சத்தியமா. ஆனா..."

"ஆனா என்ன?"

தமிழ்மொழி சுண்ணாம்பு விரலைச் சேலையில் துடைத்தாள். "நல்லா எடுத்தா ஜூனுக்கு அப்பறமும் வேற வேகன்சில வெச்சுக்கறேன்னு சார் சொன்னாரு."

"உன்னையா? என்னையா?"

"யாரு பிரச்சினை பண்ணலையோ அவங்கள."

வெற்றிச்செல்விக்கு அடிவயிற்றில் பிள்ளை உதைத்தது. "ஒனக்கு பி.எட். இல்ல. இது தப்புன்னு தெரியுதா இல்லையா?"

"தெரியுது. நான் உள்ள போனதும் பசங்க எந்திரிச்சு நின்னாங்கக்கா." தங்கை வகுப்புப் பக்கம் கையைக் காட்டினாள். "கடையில வர்றவங்க எல்லாருக்கும் நான்தான் எந்திரிச்சு நிப்பேன். இன்னிக்குதான் எனக்கு நின்னாங்க. நீ படிச்ச. ஒனக்கு அது புதுசா இருக்காது."

பி.எட். ஃபீஸ் கட்டிய வருஷம் தங்கச்சிக்கு என்ன வழி என்று வெற்றி கேட்காமல் இருந்த கேள்வியை இப்போது தங்கை கேட்காமலேயே கேட்டுவிட்டாள்.

சுதர்சன் நெருங்கி வந்தார். "கலெக்டர் ஆபீசுக்குப் போறியாமே? மேடம் நேத்தே போன் பண்ணிட்டாங்க. போ. தாராளமா போ. மனுவ நீட்டுன மறுநாள் இங்க விசாரணைக்கு வருவாங்க. பி.எட். இல்லாத பொண்ணு எப்படி பன்னெண்டாவது கிளாஸ்ல நின்னுச்சுன்னு கேப்பாங்க. நான் என்ன சொல்லுவேன்? அக்காதான் ஆள் மாத்தி அனுப்பிச்சிருக்கு, எனக்குத் தெரியாதுன்னு சொல்லுவேன். பிராக்சி, ஆள்மாறாட்டம்னு கேஸ் ஆகும். உனக்கும் ஆகும், அதுக்கும் ஆகும். அப்பறம் ரெண்டு பேரும் எந்தப் பள்ளிக்கூடப் படியும் ஏற முடியாது."

எதற்காகத் திங்கட்கிழமை காலையில் அவசரம் அவசரமாக ஆள் அனுப்பினார் என்பது அப்போது அவளுக்கு விளங்கியது. அவருக்குக் கெமிஸ்ட்ரிக்கு ஆள் தேவைப்படவில்லை. பிடி தேவைப்பட்டது. அம்மா அதைத் தன் கையாலேயே கூட்டிக்கொண்டு வந்து கொடுத்திருக்கிறாள்.

தமிழ்மொழி இதை எதிர்பார்க்கவில்லை. முகம் வெளுத்து, "சார், நீங்கதான வரச் சொன்னீங்க?" என்றாள்.

"நானா? யாரு முன்னாடி சொன்னேன்?"

ஆபீஸ் ஜன்னலில் ஜெயசீலன் தலை தெரிந்தது. உடனே மறைந்தது.

"கேட்டியாடி?" என்றாள் வெற்றி தங்கையிடம். "இப்பவாவது வா. நீ இப்ப வெளிய வந்துட்டா ஒரு பீரியட் நின்ன, அவ்ளோதான். கடைக்குப் போ. நான் பாத்துக்கறேன்."

தமிழ்மொழி அக்காவைப் பார்த்தாள், சாத்திய கதவைப் பார்த்தாள். உள்ளே பிள்ளைகள் சத்தம் போட ஆரம்பித்திருந்தார்கள். "நீ போகாம இருந்தா ஒண்ணுமே ஆகாதுக்கா," என்றாள் மெதுவாக. "நீ போகலன்னா யாருக்கும் ஒண்ணும் ஆகாது."

அது உண்மைதான். அவள் வாயை மூடிக்கொண்டால் எல்லோருக்கும் நல்லது. சுதர்சனுக்கு ரிசல்ட். கீதாஞ்சலி மேடத்துக்கு லீவு. தங்கைக்கு எழுந்து நிற்கிற பிள்ளைகள். அவளும் நாளைக்கு வந்து இந்த வராந்தாவில் நின்று, என் இடத்தைக் கொடு என்று கூடப்பிறந்தவளிடமே கையேந்தலாம். அவள் கொடுக்கவும் கூடும். அப்புறம் தங்கை மாசமானால் இவள் வந்து நிற்கலாம்.

"சார்," என்றாள். "வெள்ளிக்கெழம நான் கேட்டது லீவு. நீங்க ஆள் கேட்டீங்க. நீங்க கேட்டதையும் சேத்தே எழுதிக் குடுக்கறேன்."

"தங்கச்சி பேரையுமா?" என்றார் சுதர்சன். முதல் தடவையாக அவர் குரல் சரியாக வரவில்லை.

"உள்ளத உள்ளபடி."

தமிழ்மொழி உள்ளே போய்விட்டாள். கதவு திறந்து மூடியது. கொஞ்ச நேரத்தில் பாடம் மறுபடி கேட்டது, இப்போது தடுமாறி, அங்கங்கே நின்று நின்று.

வெற்றிச்செல்வி படி இறங்கினாள். மலர்க்கொடி கேரியரோடு பின்னால் ஓடி வந்தாள்.

"பாவி, உன் கூடப்பொறந்தவடி அது. அத நெனச்சுப் பாத்தியா?"

"பாத்தேம்மா."

"பாத்துட்டுமா போற?"

அவள் நிற்கவில்லை. மைதானத்தில் வெயில் ஏறியிருந்தது. விளையாட்டுப் பீரியட் பிள்ளைகள் பந்தை நிறுத்திவிட்டு, "குட் மார்னிங் மிஸ்" என்றார்கள். தலையை ஆட்டிவிட்டு நடந்தாள். தங்கை இதை மன்னிக்க மாட்டாள் என்று தெரிந்தது. கேட்டைத் தள்ளித் திறந்துகொண்டு, வயிற்றுக்கு மேலே பையை ஏற்றிப் பிடித்து, பெரம்பலூர் பஸ் நிற்கிற பக்கமாக ரோட்டைக் கடந்தாள்.